ஈராக்கின் புதுக் கட்டடம் ஈராக்குடையதாக இருக்க என்ன வேண்டும்? ரஷீத் தெருவிலிருந்து ஒரு கேள்வி

#1 கரைவாசி

வணக்கம். இரண்டரை வருடம் பாக்தாதில் சைட் இன்ஜினியராக இருந்துவிட்டுப் போன மாதம் ஊர் திரும்பினேன். அங்கே பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழை.

பாக்தாதின் ரஷீத் தெரு 1916இல், ஒட்டோமான் ஆட்சி முடியப் போகிற நேரத்தில், பழைய நகரத்தின் சந்துகளை அறுத்துக்கொண்டு போட்டது. பிறகு இருபுறமும் எழுந்த கட்டடங்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி, கீழே தூண் நிறுத்தி, நடப்பவர்களுக்கு நிழல் விட்டன. ஜூலையில் 48, 50 டிகிரி அடிக்கும்போது அந்தத் தூண் வரிசையை விட்டு நாலடி வெளியே வந்து பாருங்கள். அந்த நிழலின் அருமை தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை முத்தனப்பி தெருப் புத்தகச் சந்தைக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தேன். ஒரு பழைய கடையின் மாடி முகப்பில் ஏசிபி தகடு, அதாவது முகப்பை மூடுகிற அலுமினியக் கலவைத் தகடு, பொருத்திக்கொண்டிருந்தார்கள். முகப்பு முழுக்க பாக்தாதின் மஞ்சள் செங்கல். ஜன்னலுக்கு மேலே செங்கல்லையே சீவி எட்டிதழ்ப் பூவாக அடுக்கியிருந்தார் யாரோ ஒரு கொத்தனார். அந்தப் பூவின் நடுவில் டிரில் இறங்கியது. மஞ்சள் தூள் கொட்டி, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனின் தோளில் படிந்தது. முதலில் அலுமினியக் கிளிப், அதற்கு மேல் சாம்பல் நிறத் தகடு. ஒரு மணி நேரத்தில் பூ இருந்த இடம் தெரியவில்லை. ஏன் இப்படி என்று மேஸ்திரியிடம் கேட்டேன். புதுசாகத் தெரிய வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். நல்ல மனிதர்தான், இஸ்திகான் கிளாஸில் டீ வாங்கிக் கொடுத்தார். பேசி முடித்துக் கிளம்பும்போது வெயில் பட்ட தகட்டைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை.

அங்கே இரண்டு வகை ஆட்களைப் பார்த்தேன். ஒரு சாரார் கண்ணாடியும் தகடும்தான் முன்னேற்றம் என்கிறார்கள். இன்னொரு சாரார் கான்கிரீட் டப்பா கட்டி, வாசலில் ஒரு கூர்முனை வளைவை ஒட்டிவிட்டால் பாரம்பரியம் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே தவறாகத் தெரிகிறது. இரண்டு பேருமே முகப்பை மட்டும் பார்க்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நிழல்கோடு

இருபது வருடமாகக் கட்டடக் கலை சொல்லிக்கொடுக்கிறேன். ஈராக் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்பதும் இதைத்தான்.

1950இல் ஈராக்கில் வளர்ச்சி வாரியம் அமைந்தது. எண்ணெய் வருமானத்தில் 70 சதவீதம் அதன் கைக்குப் போனது. உலகத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் பாக்தாதுக்கு வந்தன. பல்கலைக்கழகத்துக்கு குரோப்பியஸ், விளையாட்டரங்குக்கு லெ கொர்பூசியே, வாரியத்தின் தலைமையகத்துக்கு ஜியோ போன்தி. ஃபிராங்க் லாயிட் ரைட் 1957இல் வந்து டைகிரிஸ் ஆற்றுத் தீவு ஒன்றில் ஓபரா அரங்கு வரைந்தார். தொண்ணூறை நெருங்கிய வயது. 1958 ஜூலைப் புரட்சி அதை வரைபடத்தோடு நிறுத்திவிட்டது.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். கட்டடக் கலைஞர் ரிஃபாத் சாதிர்ஜி 1926இல் பாக்தாதில் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு 1952இல் ஊர் திரும்பினார். வந்த கையோடு அவர் செய்த வேலைகளில் ஒன்று, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வீடுகளையும் தெருக்களையும் தொழில் செய்பவர்களையும் படம் எடுத்தது. இதெல்லாம் போகப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய சிந்தனையை என் மாணவர்களுக்கு இப்படிச் சொல்வேன். ஒரு பக்கம் சமூகத்தின் தேவை. இன்னொரு பக்கம் அந்தக் காலத்தின் தொழில்நுட்பம். இரண்டும் மோதி, பேசி, ஒரு முடிவுக்கு வரும் இடம்தான் வடிவம். பழைய வடிவத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் அந்த மோதல் நடக்கவே இல்லை என்று பொருள். 1966இல் அவர் கட்டிய புகையிலை நிறுவனத் தலைமையகத்தைப் படத்தில் பாருங்கள். மெலிந்து உயர்ந்த செங்கல் வளைவுகள், ஆழமான நிழல். கர்பலாவுக்கு அப்பால் பாலைவனத்தில் நிற்கும் எட்டாம் நூற்றாண்டின் உகைதிர் கோட்டை மதிலை அது நினைவூட்டும். ஆனால் ஒரு வளைவைக்கூட அங்கிருந்து நகல் எடுக்கவில்லை.

1978இல் அவரைக் கைது செய்து ஆயுள் தண்டனை கொடுத்து அபு கிரைப் சிறையில் அடைத்தார்கள். சுமார் இருபது மாதம் கழித்து வெளியே விட்டார்கள். அணிசேரா நாடுகளின் மாநாடு 1982இல் பாக்தாதில் நடக்க இருந்தது, நகரத்தைச் சீர்படுத்த ஆள் வேண்டியிருந்தது. போரால் அந்த மாநாடு கடைசியில் 1983இல் நம் டெல்லிக்கு மாறியது பலருக்கு நினைவிருக்கும். சிறைக்குள் இருந்தபோதே கட்டடக் கலை பற்றி எழுதினார் அந்த மனிதர். அதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

#3 மின்கம்பம்

மேடம் சொல்வது எல்லாம் சரி. நான் பஸ்ராவில் நாலு வருடம் ஏசி வேலை பார்த்தவன். அந்த வீடுகளில் இருக்கிற மனிதர்கள் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பேச வேண்டும்.

செங்கல், முற்றம், மரப்பலகணி எல்லாம் படத்தில் அழகு. ஒரு தகப்பனுக்கு 200 சதுர மீட்டர் மனை, நாலு பிள்ளை. வெளியே வீடு வாங்க வழியில்லை. மனையை நாலாக வெட்டினால் ஆளுக்கு 50 மீட்டர். அதில் முற்றத்துக்கு எங்கே இடம்? தோட்டம் இருந்த இடத்தில் மகன் வீடு, முற்றம் இருந்த இடத்தில் மகள் வீடு. ஆசைக்காக யாரும் முற்றத்தை மூடவில்லை, முடியாமல் மூடினார்கள்.

அரசாங்க மின்சாரம் போனால் தெரு ஜெனரேட்டர். ஆம்பியர் கணக்கில் மாதப் பணம். கோடையில் நான் போகாத வீடு இல்லை. கிழவிகள் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஏசி எப்போது ஓடும் மகனே என்று கேட்பார்கள். அவர்களிடம் போய் அடையாளம் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

#4 கரைவாசி

மின்கம்பம், நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கிழவியின் அம்மா ஏசி இல்லாமல் எப்படி இருந்தார் என்பதுதான் என் கேள்வியின் உயிர்.

பாக்தாதின் காதிமியா பகுதியில் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்க்க மதிப்பீடு போடச் சொல்லி என்னை அழைத்துப் போனார்கள். வாசல் நடை நேராக உள்ளே போகாமல் மடங்கிப் போகிறது. தெருவில் நிற்பவனுக்கு உள்ளே எதுவும் தெரியாது. மடங்கினால் ஹோஷ், அதாவது முற்றம். அதைச் சுற்றித் தார்மா என்கிற தூண் தாழ்வாரம். அதற்கும் கீழே ஸிர்தாப், பாதி மண்ணுக்குள் இறங்கிய நிலவறை. மொட்டை மாடியில் பாத்கீர் என்று ஒரு காற்றுக் கூண்டு. அதன் வாய் வடமேற்கைப் பார்த்திருக்கும், கோடையில் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். பிடித்த காற்று சுவருக்குள்ளேயே ஒரு குழல் வழியாக இறங்கி நிலவறைக்குப் போகும். தடித்த சுவரின் நடுவே இறங்குவதால் வழியிலேயே சூடு தணிந்துவிடும். காற்று வரும் இடத்தில் மண்பானை வைப்பார்களாம், தண்ணீரும் குளிரும் காற்றும் ஈரமாகும்.

வீட்டுக்காரப் பெரியவர் என் கையைப் பிடித்து அந்தக் குழலின் வாயில் வைத்தார். வெளியே 46 டிகிரி. பல வருடமாகப் பாதி அடைத்துக் கிடந்த குழல். அப்படியும் புறங்கையில் ஒரு மெல்லிய குளிர் பட்டது. நாற்பது கட்டடத்தில் ஏசி டக்ட் பார்த்து வந்தவன் நான், அங்கே அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த வீட்டில் மனிதர்கள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். மதியத் தூக்கம் நிலவறையில், சாயங்காலம் தண்ணீர் தெளித்த முற்றத்தில், இரவு மொட்டை மாடியில். வீடு நிற்கும், குடும்பம் அதற்குள் நிழலைத் தேடி இடம் மாறும். இந்தப் பழக்கம் போனதும் வளைவும் ஜன்னலின் மரச் சல்லடையும் அலங்காரம் ஆகிவிட்டன.

#5 யாழ்த்தச்சன்

வணக்கம் அண்ணை. ரொறன்ரோவில் தச்சு வேலை செய்கிறேன். மரப்பலகணி என்று எல்லோரும் கதைக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு சொல்.

ஷனாஷீல் என்பது முதல் மாடியில் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிற மரக்கூடு. அது மாடியில் மட்டும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கீழே சந்து வளைந்து நெளிந்து போகும், மனையின் விளிம்பும் அப்படித்தான் கோணும். மரத்தை வெளியே நீட்டினால் மேலே அறை நேர் சதுரமாக வரும். எதிரெதிர் வீடுகளின் ஷனாஷீல்கள் கிட்ட வரும்போது கீழே சந்து முழுக்க நிழல். பெண்கள் உள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம், தெரு அவர்களைப் பார்க்காது.

பஸ்ராவில் இதற்கு வேண்டிய தேக்கு இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்து கப்பலில் போனது. அரபியில் தேக்குக்கு ஸாஜ் என்று பெயர். மலபார்க் கரை மரத்தில் பஸ்ராத் தச்சன் சல்லடை இழைத்திருக்கிறான் என்று நினைக்கவே எனக்குக் கை துறுதுறுக்கிறது. அஷார் வாய்க்கால் ஓரத்து வீடுகள் சிலவற்றை யுனெஸ்கோ, ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் திருத்தியது. அப்படியான வேலைகளில் உள்ளூர்ப் பெடியளுக்குத் தொழில் பழக்க வேண்டும். கை பழகாவிட்டால் அடுத்த முறை திருத்த ஆள் இருக்காது.

#6 வெண்ணிலா

நான் கட்டடக் கலை இறுதியாண்டு. என் ஆய்வு மோசூல் பற்றியது, அதனால் உள்ளே வருகிறேன். இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை என்று அங்கே நன்றாகத் தெரியும்.

அல்-நூரி மசூதி 1172இல் எழுந்தது. அதன் சாய்ந்த மினாரை, அதாவது தொழுகைக் கோபுரத்தை, ஊர்க்காரர்கள் ஹத்பா என்பார்கள், கூனி என்று பொருள். சுமார் 45 மீட்டர். 2017 ஜூனில் ஐஎஸ் அமைப்பினர் வெடிவைத்து வீழ்த்தினார்கள். மீண்டும் கட்டும் வேலையை யுனெஸ்கோ ஏற்றது, பணம் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கொடுத்தது. வளாகத்துக்கு உலகப் போட்டி வைத்தார்கள். 123 வடிவங்கள் வந்தன, 2021இல் ஓர் எகிப்தியக் குழு வென்றது. உடனே ஈராக் கட்டடக் கலைஞர்கள் பலர் எதிர்த்தார்கள். நேர்கோடுகளும் வெளிர்நிறச் செங்கல்லும் வளைகுடா நாடு ஒன்றின் கட்டடம் போல இருக்கிறது, மோசூலைப் போல இல்லை என்பது அவர்கள் வாதம்.

மோசூல் செங்கல் ஊர் மட்டும் இல்லை. அங்கே வீட்டு வாசலுக்கும் ஜன்னலுக்கும் சட்டம் போடுவது நீலச் சாம்பல் நிறத்து உள்ளூர்ப் பளிங்கு. சுவருக்கு ஜுஸ் என்கிற ஜிப்சம் கலவை. சில நிமிடத்தில் இறுகிவிடும், அதனால் சென்டரிங் பலகை இல்லாமலே வளைவு கட்ட முடியும். பளிங்குச் சட்டம் இல்லாத மோசூல் முற்றத்தை அந்த ஊர்ப் பாட்டி அடையாளம் காண மாட்டார்.

மினாரை மட்டும் பழைய சாய்வோடு, இடிபாட்டிலிருந்து பொறுக்கிய செங்கல்லையும் சேர்த்துக் கட்டினார்கள், 2025இல் முடிந்தது. சாய்வையும் சேர்த்து! என் பேராசிரியர் இதைப் பொய் என்கிறார். பிழையாக வந்த சாய்வை வேண்டுமென்றே கட்டுவது நாடகம் என்கிறார். எனக்கு முடிவு செய்ய முடியவில்லை. நிழல்கோடு மேடம், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

#7 நிழல்கோடு

வெண்ணிலா, உங்கள் பேராசிரியரோடு நான் உடன்படவில்லை. நேராக நின்ற மினாரை அந்த ஊரில் உயிரோடு இருக்கும் யாரும் பார்த்ததில்லை. சாய்ந்த மினார்தான் அவர்கள் வீட்டு ஜன்னலில் தெரிந்தது, ஈராக்கின் பணத்தாளிலும் இருந்தது. பாலத்தின் இந்தப் பக்கம் வரும்போது ஊர் வந்துவிட்டது என்று சொன்னது அதுதான். அந்தச் சாய்வைத் திருத்தியிருந்தால்தான் பொய்யாகியிருக்கும்.

ஆனால் வளாகத்துக்கு என் பதில் வேறு. அங்கே புதிதாகக் கட்டுவது தவறில்லை. எப்படி என்பதற்குப் பாக்தாதிலேயே ஓர் எடுத்துக்காட்டு நிற்கிறது. முகம்மது மக்கியா 1959இல் பாக்தாத் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைத் துறையைத் தொடங்கியவர். 101 வயது வாழ்ந்தார். 1960களின் தொடக்கத்தில் குலஃபா மசூதியைக் கட்டும் வேலை அவரிடம் வந்தது. இடமோ சின்னது. நடுவில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஸூக் அல்-கஸ்ல் மினார் தனியாக நின்றது, அதன் மசூதி எப்போதோ போய்விட்டது. அவர் மினாரைத் தொடவில்லை, அதைவிடப் பெரியதாகவும் எதையும் எழுப்பவில்லை. எண்கோணத் தொழுகை மண்டபத்தை மினாருக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுக்கி அமைத்தார். அதே மஞ்சள் செங்கல், உள்ளே கான்கிரீட். கூஃபி என்கிற பழைய அரபு எழுத்தைச் செங்கல்லிலேயே வார்த்தார். எது பழையது, எது புதியது என்று பார்த்தவுடனே தெரியும். ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

எச்சரிக்கையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980களில் பாக்தாதின் ஹைஃபா தெருவை அமைத்தபோது, வளைவும் சல்லடையும் வைத்த அடுக்குமாடிகளுக்காகப் பழைய கர்க் பகுதியின் சந்துகளையே இடித்தார்கள். பாரம்பரிய வடிவத்துக்கு இடம் செய்ய பாரம்பரியத்தையே அகற்றினார்கள். சாதிர்ஜி நகராட்சிக்கு ஆலோசகராக இருந்த காலம் அது. நான் மதிக்கும் மனிதர், ஆனாலும் அந்த இழப்பை நான் மறைத்துப் பேச மாட்டேன்.

#8 மின்கம்பம்

நிழல்கோடு மேடம், இடிப்பது பற்றிச் சொன்னீர்கள். பஸ்ராவில் ஸிராஜி மசூதி மினார் 1727இல் கட்டியது. கிட்டத்தட்ட முந்நூறு வயது. 2023 ஜூலையில் சாலையை அகலப்படுத்த இடித்துவிட்டார்கள். நான் அந்தச் சாலையில் பல தடவை வண்டியில் மாட்டிக்கொண்டவன், நெரிசல் உண்மை. ஆனாலும் அந்தப் படம் போனில் வந்தபோது சாப்பிட முடியவில்லை. பிரித்து நகர்த்தி வைக்கும் பேச்சும் இருந்தது. அதற்குக் கொஞ்சம் பொறுமை போதும்.

முதல் பதிவில் கோபமாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: 50 மீட்டர் மனையில் இருக்கிறவனுக்கும் இதில் ஏதாவது கிடைக்க வேண்டும். அவனுக்கு முற்றம் கிடைக்காது. தடித்த சுவர் கிடைக்குமா? மேற்கு வெயிலை மறைக்கும் செங்கல் ஜாலி கிடைக்குமா? ஏசியின் சுமை கால் பங்கு குறைந்தாலும் ஒரு ஆம்பியர் மிச்சம். அதை அடையாளம் என்று நீங்கள் சொல்லுங்கள், மிச்சம் என்று அவன் சொல்லட்டும்.

#9 மாலைக்காற்று

இழையை முழுதும் படித்தேன். ஸாஹா ஹதீதை விட்டுவிட்டீர்களே! பாக்தாதில் பிறந்த கட்டடக் கலைஞர். டைகிரிஸ் கரையில் அவர் வடிவமைத்த மத்திய வங்கிக் கோபுரம் 170 மீட்டர் உயரம். வெளிச்சட்டம் கீழே நெருக்கமாகத் தொடங்கி மேலே போகப் போக விரிந்து திறக்கிறது. அதில் மஞ்சள் செங்கல்லோ வளைவோ இல்லை. அதை ஈராக்குடையது இல்லை என்று சொல்லிவிடுவோமா? சிறுவயதில் தெற்குச் சதுப்புநிலங்களுக்குப் போனதைப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அங்கே நாணல் கட்டுகளை வளைத்தே முதீஃப் என்கிற பெரிய விருந்து மண்டபம் கட்டுவார்கள், ஓர் ஆணிகூடக் கிடையாது. ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய சுமேரியக் கல் தொட்டியில் அதே வடிவம் செதுக்கியிருக்கிறது.

இன்னொரு செய்தி. ஸாஹாவின் அப்பா முகம்மது ஹதீதும் சாதிர்ஜியின் அப்பா காமில் சாதிர்ஜியும் 1946இல் சேர்ந்து தேசிய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர்கள். ஒரே கனவு பேசிய இரண்டு வீடுகளின் பிள்ளைகள் இரண்டு திசையில் கட்டினார்கள்.

#10 நிழல்கோடு

மாலைக்காற்று, நல்ல கேள்வி. அந்தக் கோபுரத்தை ஈராக்குடையது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாடு தன் பிள்ளைகளின் துணிச்சலையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நகரத்தில் அப்படி ஒன்று, இரண்டு நிற்கலாம். மீதி லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்கம்பம் கேட்ட சுவரும் ஜாலியும்தான் விடை. என் கவலை முழுக்க அந்த வீடுகளைப் பற்றியதுதான்.

#11 வெண்ணிலா

மேடம், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. என் வரைபடத்தில் வாசலில் ஒரு பெரிய வளைவு வைத்திருந்தேன். நேற்று இரவு அழித்துவிட்டேன். அந்த இடத்தில் 60 சதுர மீட்டர் மனைக்கு ஒரு வீடு வரைகிறேன். மொட்டை மாடியில் ஆறு பேர் தூங்கும்படி வேண்டும். கரைவாசி அண்ணா, அந்தக் காதிமியா வீட்டில் மாடிக் கைப்பிடிச் சுவர் எப்படி இருந்தது? உயரம் வைத்தால் காற்று வராது, தாழ்த்தினால் பக்கத்து வீடு தெரியும்.

#12 கரைவாசி

ஆள் உயரத்துக்கு மேலேயே இருந்தது, வெண்ணிலா. நான் நிமிர்ந்து நின்றும் பக்கத்து மாடி தெரியவில்லை. ஆனால் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை மட்டும் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியிருந்தார்கள், அரைச் செங்கல் அளவு ஓட்டை. பெரியவர் ஒரு பாயை விரித்து என்னைப் படுக்கச் சொன்னார். படுத்த பிறகுதான் முகத்தில் காற்று பட்டது. உட்கார்ந்தால் படவில்லை. நான் எடுத்த அளவுகளைத் தேடி நாளைக்குப் படமாகப் போடுகிறேன்.